சவரிநாதன் வாத்தியாரின் இடது முட்டி

முட்டி வலிக்கிறது என்று ஒருவர் உங்கள் ஜிம்முக்கு வந்து நின்றால் நீங்கள் முதலில் என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும். போனை எடுப்பீர்கள். அதில் வெள்ளைக்காரன் ஒருவன் காலில் ரப்பர் பட்டையை மாட்டிக்கொண்டு நண்டு மாதிரி பக்கவாட்டில் நடப்பான். வந்தவரையும் நண்டு நடை நடக்கவிட்டு, முட்டிக்கு ஓர் உறையை மாட்டி, "ஒரு வாரத்துல சரியாயிடும் ப்ரோ" என்று முதுகில் தட்டி அனுப்பிவிடுவீர்கள். அவரிடம் ஒரு கேள்வி கேட்டிருக்க மாட்டீர்கள். பெரம்பலூரில் இன்றைக்குத் தெருவுக்கு ஒரு ஜிம் இருக்கிறது. கண்ணாடி இல்லாத சுவர் ஒன்று கூட இல்லை. காதுதான் எங்கேயும் காணோம்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். கிழவனைப் பேசக் கூப்பிட்டால் இப்படித்தான் பேசுவான் என்று தெரிந்துதானே கூப்பிட்டீர்கள்?

நான் தொழில் பார்த்தது அரியலூரில், எண்பதுகளின் தொடக்கத்தில். சுண்ணாம்புக்கல் லாரிகள் போகிற ரோட்டோரம் எங்கள் கொட்டகை. 'தேகப்பயிற்சி சாலை' என்று பெருமையாகப் போர்டு வைத்திருந்தோம். லாரி கிளப்பிய புழுதியில் வாரத்துக்கு ஒரு எழுத்து மறைந்துபோகும். பழைய லாரி ஆக்சில்தான் எங்கள் பார். பட்டறையில் சொல்லி வார்த்து வாங்கிய இரும்பு வட்டங்கள்தான் பிளேட். வருகிறவர்கள் கடை முதலாளி மகன்கள், போலீசில் சேர ஆசைப்பட்டவர்கள், கல்யாணம் நிச்சயமானவர்கள். மூட்டை தூக்கிப் பிழைக்கிற ஆட்கள் மட்டும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். ஒன்றைத் தூக்கி மறுபடி அதே இடத்தில் வைப்பது என்ன புத்தி என்று அவர்களுக்குப் புரிந்ததே இல்லை.

அங்கேதான் சவரிநாதன் வாத்தியார் வந்து சேர்ந்தார். ஏலாக்குறிச்சிப் பக்கத்து ஊர் ஒன்றில் நடுநிலைப் பள்ளியில் அறிவியல் வாத்தியார். நாற்பதைத் தாண்டியவர். இளவயதில் நிஜமாகவே பலசாலி. கழுத்தும் தோளும் அதை இன்னும் சொல்லிக்கொண்டிருந்தன. இடது கால் மட்டும் வேறு கதை சொன்னது. தொடை சூம்பிப் போயிருந்தது. முட்டி வீங்கியிருந்தது.

வலி வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அந்த இரண்டு வருஷத்தில் அவர் பார்க்காத வைத்தியம் கிடையாது. டவுன் டாக்டர் ஒருவர், "இனிமே காப்பி டம்ளருக்கு மேல எதையும் தூக்காதீங்க" என்று சொல்லியிருந்தார். வாத்தியார் கீழ்ப்படிந்தார். கீழ்ப்படிந்த அளவுக்குத் தொடை இளைத்தது. தொடை இளைத்த அளவுக்கு முட்டி வலித்தது. அதன் பிறகு எலும்பு வைத்தியர் முட்டையின் வெள்ளைக்கருவைத் தடவிக் கட்டுப் போட்டார். கட்டு இருந்தவரை வலி குறைந்ததோ இல்லையோ, பள்ளிக்கூடத்துப் பூனை அவரை விட்டுப் பிரியவில்லை. சித்தப்பா மகன் இன்னாசிமுத்து வாரம் தவறாமல் ஒரு எண்ணெய் கொண்டுவந்து கொடுத்தான். இந்த இன்னாசிமுத்துவைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

"எதுக்கு இப்ப மறுபடியும் வெயிட் தூக்கணும்?" என்று கேட்டேன்.

"வர்ற வருஷம் நான் சப்பரம் தூக்கணும் மாஸ்டர்" என்றார்.

அவர்கள் ஊர்த் திருவிழாவில் மாதா சப்பரத்தை ஆட்கள் தோளில் சுமந்து தெருச் சுற்றி வருவார்கள். ஒவ்வொரு மூலைக்கும் ஒரு குடும்பம். முன்பக்க வலது மூலை வாத்தியார் குடும்பத்துக்கு. அவர் அப்பா தோள் கொடுத்த இடம், அப்பாவுக்குப் பின் அவர் இடம். முட்டி போன பிறகு இரண்டு திருவிழாவாக அந்த மூலையில் இன்னாசிமுத்து 'தற்காலிகமாக' நின்றுகொண்டிருந்தான். மூன்றாவது திருவிழாவும் விட்டுப்போனால் இடம் நிற்கிறவனுக்கே என்பது ஊர் வழக்கம். இப்போது புரிகிறதா, அவன் ஏன் வாரம் தவறாமல் வந்து, "எப்படிண்ணே இருக்கு முட்டி?" என்று அக்கறையாக விசாரித்தான் என்று?

வெறும் சுமையென்றால்கூடப் பரவாயில்லை. கோயில் வளாகத்தின் வாசல் வளைவு தாழ்வானது. சப்பரத்தின் உச்சி இடிக்கும். அதனால் அந்த இடத்தில் தூக்குகிற அத்தனை பேரும் முட்டியை மடக்கித் தாழ்ந்து, அந்தத் தாழ்விலேயே நடந்து வளைவைக் கடந்து, பிறகு நிமிர வேண்டும். தோள் மேல் பாரம், கீழே மடங்கிய முட்டி. ஒரு மூலை உட்கார்ந்துவிட்டால் சப்பரம் சாயும். கூட இருப்பவர்கள் மேல் விழும்.

முதல் நாளே வாத்தியார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பழைய எடையைப் பாரில் மாட்டச் சொன்னார். சுற்றி நின்ற பையன்கள் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். அங்கேயும் உங்களைப் போல நாலு பேர் இருந்தார்கள். "தூக்குங்க சார், பல்லைக் கடிச்சுக்கிட்டுத் தூக்குனா வலி ஓடிப்போயிடும்" என்றான் ஒருவன். பல்லைக் கடித்தால் தேய்வது பல்தான், வலி எங்கும் ஓடாது என்று அவனிடம் சொல்லிவிட்டு, வாத்தியார் முன்னால் ஒரு மர பெஞ்சை இழுத்துப் போட்டேன்.

"உக்காருங்க."

உட்கார்ந்தார்.

"எந்திரிங்க."

எழுந்தார்.

"மெதுவா உக்காந்து மெதுவா எந்திரிங்க. இன்னிக்கு இதுதான்."

வாத்தியார் முகம் சிவந்துவிட்டது. "இதுக்கா மாஸ்டர் பஸ் ஏறி அரியலூர் வந்தேன்? எங்க பள்ளிக்கூடத்துல வரிசையா பெஞ்சுதான் கெடக்கு."

"பெஞ்சு கெடக்கும். உக்காருன்னு சொன்னா நீங்க கேக்குற ஆளு அங்க யாரும் கெடையாது."

என் தொழிலில் நான் நம்பிய ஒரே சட்டத்தை அவருக்கும் சொன்னேன். வேலை செய்யும்போது கொஞ்சம் வலிக்கலாம், அதற்குப் பயந்து ஓடாதே. அதே சமயம் சாயங்கால வலியை நம்பாதே. உடம்பு சூடாக இருக்கும்போது அது பொய் சொல்லும். மறுநாள் காலையில் முட்டி என்ன சொல்கிறது என்று பார். நேற்றைக்கு இருந்த மாதிரியே இருந்தால் நேற்று செய்தது சரி. வீங்கியிருந்தால் நேற்று செய்தது அதிகம். எவ்வளவு பாரம், எவ்வளவு ஆழம் என்பதைக் காலை தீர்மானிக்கட்டும். சுற்றி நிற்கிறவன் கைதட்டல் தீர்மானிக்கக் கூடாது.

வாத்தியாரை அழைத்துக்கொண்டு அந்த வளைவையும் போய்ப் பார்த்தேன். ஒரு கம்பைத் தோளில் வைத்து, எவ்வளவு மடங்கினால் உச்சி இடிக்காது என்று பார்த்தோம். பெஞ்சு உயரத்துக்குக் கொஞ்சம் மேலேயே போதுமாக இருந்தது. அந்த ஆழத்துக்கு மேல் ஒரு விரற்கடை கூட அவரை உட்கார விடவில்லை. வாசல் கேட்கிற ஆழம் போதும். உங்களுக்கெல்லாம் தரையைத் தொட்டுவிட்டு வந்தால்தான் பஸ்கி. யார் கேட்டது அந்தத் தரையை?

நன்றாகத்தான் போனது. பெஞ்சில் எழுந்து உட்கார்ந்தவர், மணல் மூட்டையைக் கட்டிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். பிறகு வெறும் பார். பிறகு சின்ன பிளேட். தொடையில் சதை பிடித்தது. ஆனால் ஒரு விஷயம் எனக்குப் பிடிபடவில்லை. வாரக் கடைசியில் ஒழுங்காகிவிடுகிற முட்டி, திங்கட்கிழமை வரும்போது வீங்கிப் போய் வரும். வியாழக்கிழமை வடியும். வெள்ளிக்கிழமை சிரித்துக்கொண்டு போவார். திங்கட்கிழமை நொண்டிக்கொண்டு வருவார்.

வெள்ளிக்கிழமைப் பாரத்தைக் குறைத்துப் பார்த்தேன். வெள்ளிக்கிழமையே வேண்டாம் என்றேன். திங்கட்கிழமை வீக்கம் தன் பாட்டுக்கு வந்தது. எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஊரில் ஒளித்துவைத்து எதையோ தூக்குகிறார், இல்லாவிட்டால் இன்னாசிமுத்துவிடம் வீம்புக்குப் பந்தயம் கட்டுகிறார் என்று முடிவு செய்தேன்.

"உண்மையச் சொல்லுங்க. திருட்டுத்தனமா எதையாவது தூக்குறீங்களா?"

"மாதா சத்தியமா இல்ல மாஸ்டர்."

"சைக்கிள் மிதிக்கிறீங்களா? கெணறு எறங்குறீங்களா?"

"எதுவுமே கெடையாது. சனி ஞாயிறு வூட்டோட சரி. கோயிலுக்குப் போறதோட சரி."

கோயிலுக்குப் போவதோடு சரி என்றால் நான் என்ன நினைப்பேன்? நடந்து போய்க் கும்பிட்டுவிட்டு வருகிறார் என்றுதானே? நீங்களும் அதையேதான் நினைத்திருப்பீர்கள்.

திருவிழாவுக்கு அதிக நாள் இல்லை. திருமழபாடிக்கு ஒரு காரியமாகப் போனவன், அடுத்த நாள் சனிக்கிழமையாக இருந்ததால் சொல்லாமல் கொள்ளாமல் வாத்தியார் ஊரில் போய் இறங்கினேன். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்றுதான் போனேன், பெருந்தன்மையாக எதுவும் இல்லை. வீட்டில் அவர் மனைவி லூர்துமேரி இருந்தார். காட்டிலிருந்து அப்போதுதான் வந்திருக்க வேண்டும், காலெல்லாம் செம்மண். வாத்தியார் சம்பளம் வாங்குகிற உத்தியோகஸ்தர். நிலத்தைப் பார்த்துக்கொள்கிற சம்பளமில்லாத உத்தியோகம் லூர்துமேரிக்கு.

"கோயில்லதாண்ணே இருக்காரு, இப்ப வந்துடுவாரு" என்றார்.

காத்திருக்க எனக்குப் பொறுமை ஏது? கோயிலுக்குப் போனேன். கொடிமரத்துக்கும் கோயில் வாசலுக்கும் நடுவில் சரளையும் மணலுமாக ஒரு பாதை. அதில் வாத்தியார் முட்டிபோட்டு வந்துகொண்டிருந்தார். கையில் ஜெபமாலை. கண் மூடியிருந்தது. வலது முட்டி ஒரு எட்டு, இடது முட்டி ஒரு எட்டு. இடது முட்டி சரளையில் பதியும்போதெல்லாம் முகம் கோணியது. நான் வாரம் முழுக்க அடுக்கிவைத்ததை மனிதர் சனிக்கிழமை சனிக்கிழமை சரளையில் தேய்த்துக்கொண்டிருந்தார்.

முடித்துவிட்டு வெளியே வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"என்ன வாத்தியாரே இது?"

"வேண்டுதல் மாஸ்டர்."

"எதுக்கு வேண்டுதல்?"

"முட்டி சரியாவணும்னுதான்."

சிரிப்பதா அடிப்பதா என்று தெரியவில்லை. உராய்வு என்றால் என்ன, தேய்மானம் என்றால் என்ன என்று எட்டாம் வகுப்புக்குப் படம் போட்டு நடத்துகிற மனிதர். "எங்கிட்ட ஏன் சொல்லலை?" என்றேன்.

"நீங்க வெயிட்டுக்குப் பாக்குறீங்க. இது சாமி விஷயம். ரெண்டும் வேற வேறதானே?"

இதைக் கேட்டுச் சிரிக்காதீர்கள். நம் பக்கத்து ஆள் ஒருவனுக்கு உடம்புக்கு வந்தால் அவன் ஒரே சமயத்தில் நாலு இடத்தில் வைத்தியம் பார்ப்பான். டாக்டரிடம் எண்ணெயைச் சொல்ல மாட்டான், எண்ணெய்க்காரனிடம் மாத்திரையைச் சொல்ல மாட்டான், இரண்டு பேரிடமும் மந்திரித்த கயிற்றைச் சொல்ல மாட்டான். மறைக்க வேண்டும் என்றில்லை. அது அவரவர் இலாகா என்று மரியாதை. உங்களிடம் வருகிறவரும் அப்படித்தான். உங்கள் ஜிம்மில் இருக்கிற கொஞ்ச நேரத்தைப் பார்த்துவிட்டு அவரைத் தெரிந்துகொண்டதாக நினைத்துவிடாதீர்கள். மீதி நேரமெல்லாம் அந்த முட்டி எங்கே இருக்கிறது என்று கேளுங்கள்.

"நிறுத்துங்க" என்றேன்.

"நிறுத்த முடியாது மாஸ்டர். மாதாவுக்குக் கொடுத்த வாக்கு. பாதில விட்டா முட்டி மட்டுமா போவும்?"

அந்த இடத்தில் நான் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது. வேண்டுதலாவது மண்ணாவது என்று கத்தியிருக்கலாம், வாயில் வந்துவிட்டது. கத்தியிருந்தால் அவர் கோயிலை விட்டிருக்க மாட்டார், என்னை விட்டிருப்பார். சும்மா இருந்தாலும் ஆபத்து. வீங்கிய முட்டியோடு திருவிழாவன்று வளைவுக்குக் கீழே போய்ச் சப்பரத்தைச் சாய்ப்பார். மாதாவுக்கும் எனக்கும் போட்டி என்று வந்தால் அந்த ஊரில் எனக்கு ஒரு ஓட்டுக்கூட விழாது. அது என் இலாகா இல்லை. யார் இலாகாவோ அவரிடம் போவதுதான் சரி என்று, வாத்தியாரையும் இழுத்துக்கொண்டு சாமியார் பங்களாவுக்குப் போனேன்.

பங்குச்சாமியார் ரேடியோவில் செய்தி கேட்டுக்கொண்டிருந்தார். அதை அணைத்துவிட்டு நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். பிறகு வாத்தியார் பக்கம் திரும்பினார்.

"வேண்டிக்கிட்டது யாரு?"

"எங்க வூட்டுலதாங்க சாமி."

"முட்டி யாரோடது?"

"என்னோடதுங்க."

"அப்ப அது உங்களைக் கட்டுப்படுத்தாது. வேண்டிக்கிட்டவங்கதான் அதை நிறைவேத்தணும். அடுத்த ஆளோட முட்டிய நேந்துவுடுற அதிகாரம் யாருக்கும் கெடையாது, பொண்டாட்டிக்கும் கெடையாது. இத்தினி நாளா ஏன்யா எங்கிட்ட வந்து ஒரு வார்த்தை கேக்கல?"

"நீங்க கோயில் விஷயம் பாக்குறீங்க, இது வூட்டு விஷயம்னு..." என்று இழுத்தார் வாத்தியார். பார்த்தீர்களா, அங்கேயும் ஒரு இலாகா.

லூர்துமேரிக்கு ஆள் போயிற்று. வந்து தூணோரம் நின்றார். சாமியார் விஷயத்தைச் சொன்னார். "நீ வேண்டிக்கிட்டதும்மா. அதனால முட்டிபோட்டு வர்றதுன்னா நீதான் வரணும். இனிமே அவரு வர வேணாம்."

"என்னால முடியாதுங்க சாமி."

"ஏம்மா?"

"எனக்கு முட்டி வலிங்க."

நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம். சாமியார் கொஞ்சம் கௌரவமாகச் சிரித்தார். வாத்தியார் வாய்விட்டுச் சிரித்தார். நான் தொடையைத் தட்டிச் சிரித்தேன். வேண்டுதல் தன் பக்கம் திரும்பியதும் அம்மாளுக்கு வலி வந்துவிட்டது என்றுதான் நினைத்தோம்.

"சரி சரி, உக்காரும்மா" என்றார் சாமியார், சிரிப்பு அடங்காமலே.

லூர்துமேரி உட்கார்ந்தார். ஒரு கையால் தூணைப் பிடித்து, மறு கையைத் தொடையில் ஊன்றி, வலது காலை முன்னால் நீட்டிக்கொண்டு, உடம்பைச் சாய்த்துச் சாய்த்துக் கீழே இறங்கினார். இரண்டு முட்டியிலும் சொடக்குப் போட்ட மாதிரி சத்தம் கேட்டது. கடைசிச் சாணில் உடம்பை அப்படியே பொத்தென்று விட்டார். முட்டியைப் பார்த்துப் பிழைக்கிறவனுக்கு இதற்கு மேல் யாரும் சொல்ல வேண்டியதில்லை. மனிதர்கள் அப்படி உட்காரப் பழகுவதற்கு வருஷக்கணக்கில் வலித்திருக்க வேண்டும். வாத்தியாரின் முட்டி அந்த முட்டிகளின் பக்கத்தில் நிற்கக்கூட லாயக்கில்லை.

என் சிரிப்பு நின்றுபோயிற்று. எனக்கு வெட்கமாக இருந்தது.

"எவ்வளவு நாளா வலிக்குது தங்கச்சி?"

"மூணாவது புள்ள பொறந்ததுலேர்ந்து இருக்குண்ணே. கடலைக்காட்டுல களை வெட்டுனா கூடிப்போவும். நாளெல்லாம் குத்தவச்சே நவுந்துக்கிட்டுப் போவணும்ல. காத்தால எந்திரிக்கவே முடியாது. செத்த நேரம் சுவத்தப் புடிச்சி நின்னுட்டு அப்பறம் நடப்பேன்."

காலையில் முட்டி என்ன சொல்கிறது என்பதுதானே என் சட்டம்? அதை அந்த அம்மாளிடம் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. வருஷக்கணக்காகக் காலையில் எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். தன் முட்டி சரளையில் நகராது என்று தெரிந்துதான் புருஷன் முட்டியை மாதாவுக்கு நேர்ந்துவிட்டிருக்கிறார்.

வாத்தியார் மனைவி பக்கம் திரும்பினார். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே லூர்து?"

"சொல்லி? ஒங்க முட்டிக்கு ஒத்தடம் குடுக்க வெந்நி வைக்கிறதே நாந்தான். எனக்கு யாரு வைப்பா?"

கோபமாகச் சொல்லவில்லை. கணக்கு சரியாக வராதே என்கிற தொனியில் சொன்னார். அதனால்தான் அது அப்படி வலித்தது.

சாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை. பிறகு சொன்னார்: "வேண்டுதலை மாத்திக் கொடுக்கிற அதிகாரம் எனக்கு உண்டு. மாத்திட்டேன். சாயங்காலம் வூட்டுல உக்காந்து ஜெபமாலை சொல்லு. தரையில இல்ல, பெஞ்சில உக்காந்து. முடியிற வரைக்கும் நீ எந்திரிக்கக் கூடாது. அந்நேரத்துக்கு அடுப்பு பத்த வைக்கிறது உன் வேலை இல்ல."

"அப்ப யாரு சாமி பத்த வைக்கிறது?" என்று கேட்டார் வாத்தியார். அறிவியல் வாத்தியார், மறுபடியும் சொல்கிறேன்.

சாமியார் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தக் காலத்தில் ஒரு பெண்பிள்ளை எங்கள் கொட்டகைக்கு வந்து நிற்பது நடக்காத காரியம். அதனால் வாத்தியாருக்கு நான் சொல்லிக்கொடுத்த பெஞ்சுப் பாடத்தை வாத்தியார் வீட்டில் நடத்த வேண்டும் என்று ஏற்பாடு. வீட்டு பெஞ்சின் மேல் பலகை ஒன்றைப் போட்டு உயரமாக்கி, அதில் உட்கார்ந்து எழ வேண்டும். வலி குறையக் குறையப் பலகையை எடுக்க வேண்டும். களை வெட்டும்போதும் குத்தவைக்காமல் சின்ன முக்காலி ஒன்றை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னேன். 'வாத்தியார் பொண்டாட்டி காட்டுல நாற்காலி போட்டுக் களை வெட்டுறா' என்று ஊர் சிரித்ததாம். சிரிக்கட்டும் என்றேன். சிரித்த பெண்களில் இரண்டு பேர் பிற்பாடு அதே மாதிரி முக்காலி செய்துகொண்டார்கள்.

வாத்தியாரை விட லூர்துமேரி சீக்கிரம் தேறினார். காரணம் எளிது. பலகையை எடு என்று சொல்லும்வரை அந்த அம்மாள் எடுக்கவில்லை. வாத்தியாருக்கு ஒவ்வொரு வாரமும், "இன்னொரு பிளேட் போட்டா என்ன மாஸ்டர்?" என்று கேட்காவிட்டால் தூக்கம் வராது. ஆனால் திங்கட்கிழமை வீக்கம் நின்றது. பிறகு வியாழக்கிழமை வரை காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. திருவிழாவுக்குள் தேவையான பாரத்தோடு, தேவையான ஆழத்துக்கு இறங்கி, அங்கேயே நடந்து, நிமிர்ந்தார்.

திருவிழாவன்று நானும் போயிருந்தேன். முன்பக்க வலது மூலையில் வாத்தியார் தோள் கொடுத்தார். பக்கத்திலேயே இன்னாசிமுத்து தோளில் துண்டை மடித்துப் போட்டுக்கொண்டு நடந்தான். துணைக்கு வருகிறானாம். பிணத்துக்குக் காத்திருக்கிற கழுகுகூட அவ்வளவு பாசமாகப் பார்க்காது. தெருவில் மாதா வரும்போது ஜனங்கள் அத்தனை பேரும் முட்டிபோட்டார்கள். ஒரே ஒரு பெண்பிள்ளை மட்டும் வீட்டு வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். "ஏண்டி லூர்து, மாதா வர்றா, முட்டிபோட மாட்டியா?" என்று ஒருத்தி கேட்டது என் காதில் விழுந்தது.

"சாமியாருகிட்ட கேட்டாச்சுக்கா. என் முட்டி விஷயத்த அவரே மாதாகிட்ட பேசிக்கிறாராம்."

சப்பரம் சுற்றிவிட்டு வளைவுக்கு வந்தது. "தாழ்த்து, தாழ்த்து" என்று குரல் கொடுத்தார்கள். எல்லா மூலையும் ஒன்றாக இறங்கியது. வாத்தியாரின் இடது முட்டி ஒரு தடவை நடுங்கியது. கூட்டத்தில் அதைப் பார்த்தவர்கள் நானும் இன்னாசிமுத்துவும் மட்டும்தான் என்று நினைக்கிறேன். அவன் கை துண்டுக்குப் போயிற்று. வாத்தியார் அவன் பக்கம் திரும்பவில்லை. பெஞ்சில் உட்காரப் போகிறவர் மாதிரி மெதுவாக இறங்கி, அப்படியே வளைவைக் கடந்து, மறுபக்கம் நிமிர்ந்தார். இன்னாசிமுத்து துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

சப்பரத்தை இறக்கிவைத்ததும் வாத்தியார் வேர்த்து விறுவிறுத்து என்னிடம் ஓடிவந்தார். "எப்படி மாஸ்டர்?"

"நாளைக்குக் காத்தால சொல்றேன்" என்றேன்.

அன்றைக்கு அவர் ஊரிலேயே தங்கிவிட்டு விடிந்ததும் வீட்டுக்குப் போனேன். வாசலில் லூர்துமேரி பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு காலையும் நீட்டியிருந்தார். திருவிழாச் சமையல் முட்டிக்குக் கொஞ்சம் அதிகமாகிவிட்டதாம். உள்ளே அடுப்படியிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. எட்டிப் பார்த்தேன். வாத்தியார் அடுப்பின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, கண்ணெல்லாம் சிவக்க, ஈர விறகை ஊதிக்கொண்டிருந்தார். அடுப்பில் வெந்நீர். அவரை நான் அந்த ஆழத்துக்கு ஒருநாளும் உட்கார விட்டதில்லை. இரண்டு வருஷத்துக்கு மேலாக அவர் அப்படி உட்கார்ந்ததும் இல்லை. உட்கார்ந்திருக்கிறோம் என்பது அவருக்கே தெரியவில்லை.

"முட்டி எப்படி?" என்று கேட்டேன்.

"நேத்திக்கு இருந்த மாதிரிதான் இருக்கு மாஸ்டர்" என்றவர், சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "இங்க உக்காந்து எந்திரிக்கிறதுக்குச் சப்பரம் தேவல மாஸ்டர். இவ மூணு வேளையும் இப்படியா உக்காந்து எந்திரிக்கிறா?"

வாசலிலிருந்து லூர்துமேரியின் குரல் வந்தது.

"அத அப்பறம் பேசிக்கலாம். வெந்நி ஆறிடப் போவுது, கொண்டாங்க."